மாங்கனீசும் உயிரினப் பெருக்கமும்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலிலுள்ள மாங்கனீசு முழுவதையும் திரட்டி எடை போட்டால் 10 முதல் 20 மில்லிகிராம் வரைதான் தேறும். குழம்பில் நாம் கிள்ளிப் போடும் ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட இதைவிடப் பன்மடங்கு அதிகம். இத்துணைச் சிறிய அளவில் இருக்கும் பொருள் உடலுக்குத் தேவைதானா, அல்லது உண்ணும் உணவோடு தற்செயலாக உள்ளே வந்து தங்கிவிட்ட தூசியா என்ற ஐயம் விஞ்ஞானிகளுக்கே நெடுநாள் இருந்தது. அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தவை ஆய்வுக்கூடத்து எலிகள். அதிலும் வியப்பு என்னவெனில், மாங்கனீசின் குறை முதலில் தெளிவாக வெளிப்பட்டது எலியின் எடையிலோ சுறுசுறுப்பிலோ அன்று, அதன் இனப்பெருக்கத்தில்.

மேலே செல்லுமுன் ஒரு சொல். மாங்கனீசு வேறு, மக்னீசியம் வேறு. தேர்வுத் தாளில் இவ்விரண்டையும் மாற்றி எழுதும் வழக்கம் ஆண்டுதோறும் இருந்து வருகிறது. இரண்டு பெயர்களுமே கிரேக்க நாட்டின் மக்னீசியா என்ற பகுதியின் பெயரிலிருந்து பிறந்தவையாதலால் குழப்பம் நேர்வது இயல்பே. மாங்கனீசின் அணு எண் 25. இரும்புக்கு அது 26. அட்டவணையில் இவ்விரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அண்டை வீட்டு உறவு பின்னால் நமக்குப் பயன்படும். 1774-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு யோகான் காட்லீப் கான் என்பவர் இவ்வுலோகத்தைத் தனியே பிரித்தெடுத்தார். கிணற்று நீரில் கிருமி கொல்லப் போடும் ஊதா நிறப் பெர்மாங்கனேட் இதன் உப்புகளில் ஒன்று. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் பாலாகாட், மகாராட்டிரத்து நாகபுரி, கருநாடகத்துச் சண்டூர் ஆகிய இடங்களில் இதன் தாது வெட்டி எடுக்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி எஃகு ஆலைகளுக்கே போய்விடும்.

இனி எலிகளின் கதைக்கு வருவோம். 1931-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்சா ஓரெண்ட் என்ற பெண்மணியும், வைட்டமின் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற மெக்கல்லமும் மாங்கனீசு அறவே நீக்கிய உணவைத் தயாரித்து எலிகளுக்குக் கொடுத்து வந்தனர். அதே ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளை வைத்து வேறு மூவர் இதே போன்ற ஆய்வைச் செய்தனர். அவர்களுடைய பெண் சுண்டெலிகளில் கருமுட்டை வெளிப்படுவது ஒழுங்காக நடைபெறவில்லை. பால்டிமோரில் கண்டது வேறு விதம். அங்கே பெண் எலிகள் சினைப்பட்டன, குட்டியும் ஈன்றன. ஆண் எலிகளிலோ விந்தணு உண்டாகும் திசு முற்றிலும் சிதைந்து அவை மலடாயின. பார்ப்பதற்கு அவை நோயுற்றவையாகத் தெரியவில்லை.

இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலடு என்ற சொல் நம் பேச்சில் பெரும்பாலும் பெண்பாலுக்கே ஒட்ட வைக்கப்படுகிறது. மாட்டையும் அப்படித்தான் சொல்கிறோம், மனிதரையும் அப்படித்தான். இந்த உலோகத்தைப் பற்றிய முதல் ஆய்வுகளிலேயே குறை ஆண்பாலிலும் முழுமையாக இருக்கக்கூடும் என்பது நுண்ணோக்கியின் கீழ் தெரிந்துவிட்டது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. பிறந்த குட்டிகள் பால் குடிக்கவில்லை. சில நாட்களுக்குள் இறந்தன. தாய் எலிகள் குட்டிகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டன என்று அப்போது கருதப்பட்டது. அதாவது, மாங்கனீசு இல்லாவிட்டால் தாய்மையுணர்வே போய்விடுகிறது என்று பொருள் கொண்டனர். செய்தித்தாள்களுக்குப் பிடித்தமான கருத்து! ஆனால் 1935-இல் அயோவா மாநிலத்தில் ஆமி டேனியல்ஸ், கிளாடிஸ் எவர்சன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் இதை ஒப்புக்கொள்ளாமல் ஒரு சோதனை செய்தனர். குறையுள்ள தாயின் குட்டிகளை எடுத்து, நல்ல உணவு உண்ட வேறொரு தாய் எலியிடம் விட்டனர். செவிலித்தாயிடம் பாலுக்குக் குறைவில்லை, பரிவுக்கும் குறைவில்லை. குட்டிகள் அங்கும் பிழைக்கவில்லை. அவை கருப்பையிலேயே நலிந்து, வாய் வைத்து உறிஞ்சும் வலிமைகூட இன்றிப் பிறந்தவை. பழி தாயின் மனத்தின் மேல் போடப்பட்டிருந்தது. உண்மைக் காரணமோ அவளுக்கு வைத்த தீனித் தட்டில் இருந்தது.

இந்த கிளாடிஸ் எவர்சன் பிற்காலத்தில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் லூசில் ஹர்லி என்ற மற்றொரு அறிஞரோடு சேர்ந்து இதே கேள்வியைத் தொடர்ந்தார். மாங்கனீசு குறைந்த தாய்க்குப் பிறந்து எப்படியோ தப்பிப் பிழைத்த குட்டிகள் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி நடந்தன. அவற்றைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் குறை நன்கு விளங்கும். சாதாரண எலி மூக்கை மேலே நீட்டி நீந்திக் கரையேறும். இவற்றிற்கோ மேல் எது, கீழ் எது என்றே தெரியவில்லை. நீருக்குள் உருண்டு புரண்டன. உட்காதில் செவிக்கற்கள் என்ற சுண்ணாம்புத் துகள்கள் உள்ளன. உடல் சாய்ந்தால் அவை புவியீர்ப்பால் நகர்ந்து மூளைக்குத் தகவல் தருகின்றன. இந்தக் குட்டிகளில் அந்தக் கற்கள் உருவாகவேயில்லை, அல்லது ஏதோ ஒரு சில மட்டும் இருந்தன.

எந்த நாளில் மாங்கனீசு கொடுத்தால் குட்டியைக் காப்பாற்றலாம்? எலியின் சினைக்காலம் சுமார் 22 நாட்கள். தாய்க்கு 14-ஆம் நாளிலேயே மாங்கனீசு கொடுக்கத் தொடங்கினால் குட்டிகள் தள்ளாடாமல் பிறந்தன. 18-ஆம் நாளில் தொடங்கினால் பயனில்லை. செவிக்கல்லுக்கு அடித்தளம் போடப்படும் நாட்கள் கடந்துவிட்டால் பிறகு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் அந்தக் கட்டடம் எழும்புவதில்லை.

இதனினும் சுவையானது வெளிறிய சுண்டெலிகளின் கதை. மேனி நிறம் வெளிறிய ஒரு வகைச் சுண்டெலிகள் உண்டு. அவற்றில் பல, பரம்பரைக் குறையாகவே செவிக்கல் இன்றிப் பிறக்கும். ஜீன் வழி வரும் குறை இது. ஜீனில் எழுதியதை யாரால் மாற்ற முடியும் என்றுதானே நினைப்போம்? ஹர்லியும் அவருடன் உழைத்தவர்களும் சினையாயிருந்த வெளிறிய சுண்டெலிகளுக்கு மாங்கனீசு மிகுந்த உணவைக் கொடுத்தனர். பிறந்த குட்டிகளின் நிறம் வெளிறியே இருந்தது. ஆனால் செவிக்கற்கள் சரியாக அமைந்திருந்தன, நன்றாக நீந்தவும் செய்தன. 1966-இல் இது வெளியாயிற்று. ஜீன் மாறவில்லை, அடுத்த தலைமுறைக்கு அது அப்படியே சென்றது. தாயின் உணவு அதன் கேட்டை மட்டும் தடுத்துவிட்டது. பிறவிக் குறை என்றால் அதற்கு மாற்றே இல்லை என்று எண்ணுவோர்க்கு இந்த ஆய்வைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன்.

இவ்வளவு வேலைகளையும் இந்த உலோகம் எப்படிச் செய்கிறது? என்சைம்கள் என்ற வினையூக்கிகளுக்குத் துணைநின்று செய்கிறது. குருத்தெலும்பு உண்டாவதற்கு நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் பின்னப்பட வேண்டும். பின்னும் என்சைம்கள் பலவற்றிற்கு மாங்கனீசு வேண்டும். எலும்பும் செவிக்கல்லும் கெடுவது இதனால்தான். ஆண்மை, பெண்மை ஹார்மோன்கள் கொலஸ்டிராலிலிருந்து பிறப்பவை. அந்தக் கொலஸ்டிரால் உருவாகும் பாதையிலும் மாங்கனீசுக்கு இடமுண்டு. மூன்றாவதாக, உயிரணுக்களின் அடுப்பங்கரை எனத்தக்க மைட்டோகாண்டிரியாவில் ஆக்சிஜன் எரியும்போது தெறிக்கும் நச்சுப் பொறிகளை அணைக்கும் என்சைம் ஒன்று உண்டு. அதன் நடுவில் அமர்ந்திருப்பது மாங்கனீசு அணு. ஓயாது பெருகிக்கொண்டே இருக்கும் விந்தணுத் திசுவிலும், கருவைத் தாங்கும் ஹார்மோனைச் சுரக்கும் சினைப்பையிலும் அடுப்பு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால், அங்கே குறை சீக்கிரம் தெரிகிறது.

கோழிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குஞ்சுகளின் கணுக்கால் மூட்டு வீங்கி, தசைநாண் இடம்விட்டு வழுகி, கால் ஒருபுறமாகத் திருகிக்கொள்ளும் நோய் ஒன்று அமெரிக்கப் பண்ணைகளைப் பெரிதும் வாட்டியது. தீவனத்தில் தவிடு சேர்த்தால் நோய் குறைகிறது, எலும்புத் தூள் மிகுதியாகச் சேர்த்தால் கூடுகிறது என்பது பண்ணைக்காரர்களுக்குப் புதிராகவே இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1936-இல் விடை கண்டனர். தவிட்டில் மாங்கனீசு உண்டு. எலும்புத் தூளிலுள்ள சுண்ணாம்பும் பாஸ்பரமும் மிஞ்சினால் அந்த மாங்கனீசைக் குடலில் ஏறவிடாமல் தடுத்துவிடுகின்றன. தாய்க் கோழிக்கே குறை இருந்தால் முட்டை ஓடு மெலியும், குஞ்சு பொரிப்பதும் குறையும். முட்டைக்குள் வளரும் குஞ்சு குட்டைக் காலும் கிளிமூக்குப் போல் வளைந்த அலகுமாய், பொரிக்கும் தறுவாயில் உள்ளேயே இறந்துவிடும். வெளியே பார்க்கும் நமக்கு அதுவும் ஒரு கூமுட்டைதான்.

இனி பசு. நம் வாசகியருள் பலருடைய வீட்டில் மாடு உண்டு என்பதால் இதைச் சற்று விரித்துரைக்கலாம். விஸ்கான்சினில் பெண்ட்லி, பிலிப்ஸ் என்ற இருவர் மாங்கனீசு குறைந்த தீவனத்தில் கிடாரிகளை வளர்த்து 1951-இல் கண்டதைக் கூறினர். தீவனத்தில் பத்து லட்சத்தில் 10 பங்கு மாங்கனீசு இருந்தால் மாடு வளர்ந்துவிடுகிறது. ஆனால் பருவ அறிகுறி தாமதமாகத் தோன்றுகிறது, சினை பிடிப்பதும் தாமதமாகிறது. பிறக்கும் கன்றுகள் சில, மூட்டு வீங்கி, கணுக்கால் மடிந்து நிற்கின்றன. இறைச்சி மாடுகளுக்கு வகுத்த அமெரிக்கக் கணக்கில், வளரும் மாட்டிற்கு 20 பங்கும் சினை மாட்டிற்கு 40 பங்கும் வேண்டுமென்று இப்போது சொல்லப்படுகிறது. வட கரோலினாவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 16 பங்கு மட்டுமே கொண்ட தீவனத்தைச் சினைக்காலம் முழுதும் தின்ற கிடாரிகள் பார்வைக்கு நலமாகவே இருந்தன. அவை ஈன்ற கன்றுகளோ குட்டையாய், மூட்டு வீங்கி, நிற்க முடியாமல் தடுமாறின.

மாடு வெளிப்படையாகக் கத்தாமல், வழும்பு சரியாக ஒழுகாமல், பருவம் வந்ததே தெரியாமல் போவதை ஊமைப் பருவம் என்பர். வீட்டார் கவனிக்காத நேரத்தில் அது வந்து போய்விடும். செயற்கைமுறைக் கருவூட்டலுக்கு அழைத்துச் செல்வதற்குள் நேரம் தப்பிவிடும். இரண்டு, மூன்று முறை இப்படியானதும் மலட்டு மாடு என்று பெயர் சூட்டி, அடுத்த சந்தைக்கு ஓட்டிச் சென்று, வாங்கிய விலையில் பாதிக்குத் தள்ளிவிடுவார்கள். ஊமைப் பருவத்திற்கு மாங்கனீசுக் குறை மட்டுமே காரணமென்று நான் சொல்லவில்லை. பாஸ்பரக் குறை, செம்புக் குறை, பொதுவான தீவனப் பஞ்சம், கருப்பையில் கிருமி எனப் பல காரணங்கள் உண்டு. எது என்று கால்நடை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாடு தின்பது வைக்கோலும் மக்காச்சோளமும் மட்டுமா, தவிடும் பசும்புல்லும் உண்டா என்று கேட்டறிவது நம்மாலும் ஆகும். தானியங்களுள் மக்காச்சோளம் மாங்கனீசில் மிக ஏழை. அரிசித் தவிடும் கோதுமைத் தவிடும் செல்வர்கள். மணியைத் தீட்டி வெள்ளையாக்கி நாம் உண்கிறோம், தீட்டிய சத்து மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. இந்த ஒன்றில் மாடு நம்மைவிடக் கொடுத்து வைத்தது. தாது உப்புக் கலவை என்று கடையில் கிடைக்கும் மாவில் மற்ற உப்புகளோடு மாங்கனீசும் அளவாகச் சேர்க்கப்பட்டிருக்கும்.

அளவாக என்ற சொல் இங்கே முக்கியமானது. ஏனெனில் மாங்கனீசு மிகினும் கேடு செய்யும். அதன் வரலாறு 1837-இல் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வெளுப்புத் தூள் செய்யும் தொழிற்சாலையில் மாங்கனீசுத் தாதுவை அரைத்த ஆட்கள் ஐவருக்குக் கால்கள் தளர்ந்து, நடை தள்ளாடி, பேச்சுத் தாழ்ந்ததை கூப்பர் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். பின்னர் மொராக்கோ முதலிய நாடுகளின் சுரங்கங்களிலும் இதே நரம்பு நோய் காணப்பட்டது. இல்லற வாழ்வில் நாட்டமும் ஆற்றலும் குன்றுவது அதன் அடையாளங்களுள் ஒன்றென மருத்துவர்கள் குறித்தனர். 1985-இல் பெல்ஜியத்தில் வெளியான ஓர் ஆய்வில், மாங்கனீசுத் தூசியில் வேலை செய்த ஆண்களின் குடும்பங்களில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே குழந்தைகள் பிறந்திருந்தது தெரியவந்தது.

விலங்குகளில் இதைச் சோதித்துப் பார்த்தவர்களுள் நம் நாட்டவர் முன்னணியில் இருந்தனர் என்பது நமக்குப் பெருமை. லக்னோ நகரில் 1965-இல் நிறுவப்பட்டு, இப்போது இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கும் கூடத்தில் எஸ். வி. சந்திராவும் அவருடைய குழுவினரும் முயல்களின் மூச்சுக்குழாய் வழியே மாங்கனீசு டையாக்சைடைச் செலுத்தினர். உடனே ஒன்றும் தெரியவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல, விந்தணு உண்டாகும் நுண்குழல்கள் சிதைந்து, இறுதியில் அந்த முயல்கள் மலடாயின. இதை அவர்கள் 1973-இல் வெளியிட்டனர். குறைந்தாலும் சிதைவு, மிகுந்தாலும் சிதைவு, இரண்டும் அதே இடத்தில்!

வாய்வழி உட்கொண்டால் கேடு இவ்வளவு எளிதில் நேர்வதில்லை. 2001-இல் ஜோர்டான் நாட்டில் நடந்த ஆய்வில் சுண்டெலிகளுக்குக் குடிநீரில் மாங்கனீசுக் குளோரைடு கலந்து 12 வாரம் கொடுத்தார்கள். லிட்டருக்கு 8000 மில்லிகிராம் என்ற மிகப்பெரிய அளவில்தான் ஆண்களின் கருத்தரிப்பிக்கும் ஆற்றல் தெளிவாகக் குறைந்தது. பெண் எலிகளில் கருப்பையில் ஒட்டிய கருக்களின் எண்ணிக்கையும் குறைந்தது. வாய்க்கும் மூச்சுக்கும் ஏன் இந்த வேறுபாடு? குடலில் ஏறும் மாங்கனீசு முதலில் கல்லீரலுக்குத்தான் செல்லும். அது வேண்டியதை வைத்துக்கொண்டு மிஞ்சியதைப் பித்தநீரில் கலந்து வெளியேற்றிவிடும். நுரையீரல் வழியாக ஏறுவது இந்தக் காவற்காரனைக் கடக்காமலே மூளைக்கும் பிற உறுப்புகளுக்கும் போய்ச் சேர்கிறது. தாது அரைப்பவரும் வெல்டிங் புகையில் நிற்பவரும் முகமூடி அணிய வேண்டியதன் காரணம் இதுவே. பிறந்த குழந்தையின் பித்தநீர்ச் சுரப்பு இன்னும் முதிராததால் அதற்கும் இந்தக் காவல் முழுமையாக இல்லை.

வளரும் பருவத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. டெக்ஸாசில் 2005-இல் வெளியான ஆய்வில், இளம் பெண் எலிகளுக்குச் சிறிதளவு மாங்கனீசு கூடுதலாகக் கொடுத்தபோது, மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்படும் கட்டளை விரைந்து, அவை சற்று முன்னதாகவே பருவமடைந்தன. இதை எலிகளில் கண்டது என்ற அளவிலேயே கொள்ள வேண்டும். உடனே நம்மோடு பொருத்திப் பார்த்து அஞ்சுதல் வேண்டாம்.

நம்மோடு பொருத்திப் பார்க்கத் தக்கது வேறொன்று. முதலில் சொன்ன அண்டை வீட்டு உறவு நினைவிருக்கிறதா? இரும்பும் மாங்கனீசும் குடலிலிருந்து இரத்தத்திற்குள் நுழைவது ஏறக்குறைய ஒரே வாசல் வழியாகத்தான். உடலில் இரும்பு குறைந்தால் அதை எப்படியாவது பிடித்துவிட வேண்டுமென்று உடல் வாசல்களைப் பெருக்கும். வரும் இரும்பு போதாதபோது அதே வாசலில் மாங்கனீசு கூடுதலாக நுழையும். மறுபுறம், தீவனத்தில் மாங்கனீசு மிகுந்த ஆட்டுக்குட்டிகளுக்கும் பன்றிக்குட்டிகளுக்கும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்ததை 1950-களின் ஆய்வுகள் காட்டின. இரத்தசோகை உள்ளவர்க்கு ஒரே அளவு மாங்கனீசு மற்றவர்களைவிட அதிகமாக உள்ளே ஏறுகிறது என்பது இதன் பொருள். நம் பள்ளி வயதுப் பெண்களுள் இரத்தசோகை எத்துணைப் பரவலாக உள்ளது என்பதை மருத்துவ ஆய்வு நாட்களில் நகத்தையும் கண்ணிமையையும் இழுத்துப் பார்க்கும் மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரும்புச் சத்து மாத்திரையை வாங்கி மேசைக்குள் போட்டு வைக்கும் மாணவியரும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் தேங்கியதும் பாத்திரத்தில் கருமை படிந்தால், அது மாங்கனீசாக இருக்கக்கூடும். செம்மை படிந்தால் பெரும்பாலும் இரும்பு. நம் நாட்டுக் குடிநீர்த் தர விதி, லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் மாங்கனீசு வரை ஏற்கலாமென்றும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 0.3 வரை போகலாமென்றும் 2012-இல் வகுத்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் பால்குடிக் குழந்தைகளை மனத்திற்கொண்டு தன் எல்லையை 0.4-லிருந்து 0.08-ஆகக் குறைத்திருக்கிறது. ஒரு பாட்டில் நீரைச் சோதனைக் கூடத்தில் கொடுத்தால் அளவைச் சொல்லிவிடுவார்கள்.